உறுமாத மைக்

பியூலா மேடையில் நிற்கிறாள். மழை விட்டுக் கால் மணி நேரம்தான் ஆகிறது. மேடையில் விரித்த ஜமுக்காளத்திலிருந்து வரும் ஈரத் துணி வாடை, கீழே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நிற்கும் என்வரை எட்டுகிறது. அவள் காலில் செருப்பு இல்லை. மைக் அவள் உதட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் வலது கையை உயர்த்தி, எதையோ பிடித்துக் கீழே இழுப்பதுபோல் காட்டுகிறேன். மைக்கைப் பிடித்து இறக்கிக்கொள் என்று அர்த்தம்.

அவள் கை மேலே போகிறது.

அந்த மைக்கில் மின்சாரம் இருந்தது. எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பியூலா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்குகிறாள். மூடி சரியாக உட்காரவில்லை என்று முணுமுணுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். வாசகர்கள் பயப்பட வேண்டாம். பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் வேறொன்றை எழுதுவதாகத்தான் இருந்தேன். நேற்று அந்தப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே நான் சொருகி வைத்திருந்த டெஸ்டரை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும்; மின்சாரம் இருக்கிற இடத்தில் நுனியை வைத்தால் பிடிக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். விடுதியில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், வெந்நீருக்கு ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நினைத்து வைத்தது.

"ஹாஸ்டலுக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா" என்றேன். அதற்குமேல் வாயில் வரவில்லை. வாயில் வராததை எழுதிப் பார்ப்பதுதானே இந்தத் தொடர்.

கட்டிலுக்கு அடியில் ஒரு கம்பெனி

தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் மைக் செட்டைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபதுகளின் நடுவில் நானும் தேவராஜும் சேர்ந்து ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், நாலு குழாய் ஸ்பீக்கர் வாங்கினோம். எனக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தேவராஜ் பொழிச்சலூர்க்காரன், ஒயர்மேன். அவனுக்கு மின்சாரம் தெரியும். எனக்குப் பாட்டு தெரியும். சர்ச்சில் சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டிருந்தவன் நான். இந்த இரண்டும் சேர்ந்தால் போதும் என்று நினைத்தோம்.

சனி, ஞாயிறுகளில் கல்யாணம், சர்ச் அசன விருந்து, பள்ளி ஆண்டு விழா என்று போவோம். ஆட்கள் முன்னால் அவன் என்னை "சாம் சார்" என்பான். தனியாக இருந்தால் "மச்சான்". கோபம் வந்தால் இரண்டும் கிடையாது.

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. செட் முழுவதும் பியூலாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். வீட்டில் உட்கார இடமில்லை, ஊருக்கெல்லாம் கேட்க வைக்கிறீர்கள் என்பாள் என் மனைவி மேரி. ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் வால்வுகள் சூடாகித் தூசி கருகும் ஒரு வாசனை வரும். பியூலாவுக்கு அது பிடிக்கும். காய்ச்சலாகப் படுத்திருந்த ஒரு நாள், "அப்பா, பெட்டியைப் போடுங்க, வாசனை வரட்டும்" என்று கேட்டிருக்கிறாள்.

வண்டு

அந்த வாசனையோடு ஒரு சத்தமும் வரும். யாரும் பேசாதபோது ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு உறுமல். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அது பழகிப்போன சத்தம். எனக்கும் பழகித்தான் இருந்தது, ஒரு கல்யாணம் வரைக்கும்.

எங்கள் தெருவிலேயே நடந்த கல்யாணம். தாலி கட்டும் நேரம், எல்லோரும் அமைதி. ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, உள்ள வண்டு பூந்துகிச்சா? எடுத்து வுடு, பாவம், கத்திகினே கீது."

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். தேவராஜும் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்த உறுமலுக்கும் எனக்கும் பகை.

பகையைத் தீர்க்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். மூன்று முனை பிளக்கில் பெரிதாக, தனியாக இருக்கும் முனை எர்த். ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் இரும்பு உடம்பில் மின்சாரம் தவறிக் கசிந்துவிட்டால், அது ஆளைத் தேடாமல் மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பதற்காக வைத்த வழி. ஆனால் சில கட்டடங்களில் அந்த எர்த்தே சரியாக இருக்காது. அப்போது அதே ஒயர்தான் உறுமலைக் கொண்டுவந்து சேர்க்கும். பிளக்கைத் திறந்து அந்த ஒயரைக் கழற்றிவிட்டால் உறுமல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும்.

இரண்டு மூன்று இடங்களில் தேவராஜுக்குத் தெரியாமல் கழற்றினேன். நின்றது. பாராட்டும் வந்தது. சாம் சார் செட்டா, இருக்கிறதே தெரியாது என்றார் ஒரு பாதிரியார். அந்தச் சொல்லை நான் பல நாள் மனதில் வைத்து மென்றிருக்கிறேன்.

ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர்

தேவராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும் முதலில் இறக்குவது ஆம்ப்ளிஃபையர் அல்ல. ஒரு இரும்புக் கம்பியும் சம்மட்டியும். மேடைக்குப் பக்கத்தில் ஈரமான இடமாகப் பார்த்துக் கம்பியை முழங்கை ஆழம் அடித்து இறக்குவான். கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் ஒரு கை கல்லுப்பு வாங்கி, பக்கெட் தண்ணீரில் கரைத்து, கம்பியைச் சுற்றி ஊற்றுவான். பிறகு பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து அதில் கட்டுவான். அதுதான் எங்கள் சொந்த எர்த். பார்ப்பவர்கள் ஏதோ பூஜை என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் கம்பிக்குக் குங்குமமே வைத்துவிட்டாள்.

கேளம்பாக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். உப்பளக் காற்று, காலுக்கடியில் சதசதவென்று மண். நான் வழக்கப்படி உப்பு கேட்கப் புறப்பட்டேன். தேவராஜ் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"உப்பு வேணாம் மச்சான். ஊரே உப்பாகீது. சும்மா கம்பியக் காட்டினாலே புடிச்சிக்கும்."

அன்று மாலை வரை எங்கள் பெட்டியிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. உறுமலும் இல்லாமல், ஆபத்தும் இல்லாமல் இருக்க அந்தக் கம்பி ஒன்றே போதும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கம்பி அடிப்பது அவன் வேலை, உறுமலை நிறுத்துவது என் வேலை என்று பிரித்து வைத்திருந்தேன்.

குழம்புக் கரண்டி

பியூலாவுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, வட்டாரப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி நிறைவு விழாவில் தனியாகப் பாட அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டிகள் முடிந்ததும் அதே மைதானத்தில் இசை நிகழ்ச்சி. அவள் பாட்டு, பிறகு சின்னப் பிள்ளைகளின் கூட்டுப் பாட்டு, கடைசியில் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து பாடுவது. ஒலி எங்கள் செட்.

இரண்டு மாதம் பயிற்சி. பள்ளியில் ஞானசுந்தரி டீச்சர் ஹார்மோனியத்தோடு. வீட்டில் நான், குழம்புக் கரண்டியோடு. கரண்டியை ஸ்டூலில் நிறுத்திக் கட்டி, அதுதான் மைக் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. உயரமாக இருந்தால் கூச்சப்படாதே, பிடித்து இறக்கு. மைக் உன்னிடம் வர வேண்டும், நீ மைக்கைத் தேடிப் போகக் கூடாது. இதை நூறு முறையாவது சொல்லியிருப்பேன்.

டீச்சருக்கு இது ஆகாது. அவர் பிள்ளைகள் மைக்கைத் தொடக் கூடாது. கை இரண்டும் பின்னால் கட்டியிருக்க வேண்டும், முகம் நேரே. தொட்டுப் பாடுவது மேடைக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. நான் ஒரு நாள் பள்ளிக்குப் போய் வாதாடினேன். மைக் என்பது ஒரு கருவி, அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னேன்.

டீச்சர் ஹார்மோனியத்தை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சார், பொண்ணு பாட வந்திருக்கா. அடி பம்புல தண்ணி அடிக்க வரல."

மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பியூலா தரையைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளிடம், மேடையில் நான் கை காட்டினால் நான் சொல்வதைச் செய், டீச்சரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரிப்பா என்றாள். அவள் எப்போதும் சரி என்கிற பிள்ளை.

கம்பிக்குத் தடை

மைதானத்தின் பெயர் வேண்டாம். தாம்பரத்துக்காரர்களுக்குத் தெரிந்த இடம்தான். மூன்று பக்கம் சிமென்ட் படிக்கட்டு, நடுவில் புல், சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓட்டப் பாதை. இரும்பு மேசைகளை நெருக்கிப் போட்டு, மேலே பலகை பரப்பி மேடை. காலையிலேயே போய்விட்டோம்.

கல்யாணப் பந்தலில் வேலை செய்தவனுக்கு ஒரு மைதானம் பயமுறுத்தும். அங்கே சத்தம் காணாமல் போகும். மேடைப் பக்கம் இரண்டு குழாயும், எதிர்ப் படிக்கட்டில் மூங்கில் நட்டு இரண்டு குழாயும் கட்டினோம். நான் மேடையில் நின்று "ஹலோ" என்றால், எதிரிலிருந்து என் "ஹலோ" கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் தலைக்குமேல் போனால் எல்லாம் நிற்க வேண்டும். அதற்கும் ஒரு கை ஜாடை வைத்துக்கொண்டோம்.

தேவராஜ் கம்பியையும் சம்மட்டியையும் எடுத்ததுதான் தாமதம், மைதானக் காவலாளி ஓடி வந்தார். புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர் அவர்தான்.

"எங்க அடிக்கிற? இத்த வளக்க என் முதுகு போச்சு. ஒரு ஓட்டை வுழுந்துது, உன்னிய அதுலயே நட்டு வெச்சுருவேன்."

தேவராஜ் கெஞ்சினான், பீடி கொடுத்தான். பீடியை வாங்கிக்கொண்டு முடியாது என்றார். வேறு வழியில்லாமல், உடை மாற்றும் அறையின் பிளக்கிலிருந்தே எர்த்தும் எடுப்பது என்று முடிவாயிற்று. எதிர்ப் படிக்கட்டில் ஒரு குழாய் சாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்து அங்கேயே காவல் இருக்கத் தேவராஜ் புறப்பட்டான். போகும்போது திரும்பி, "எதையும் நோண்டாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெட்டியைப் போட்டேன். காலியான மைதானத்தில் நாலு குழாயும் சேர்ந்து உறுமின. ஒரு வண்டு அல்ல, ஒரு கூடு. போட்டிக்கு வந்திருந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் அந்தச் சத்தத்தைப் போலவே செய்து காட்டினான்.

என் மகள் பாடப்போகும் மைக். நான் பிளக்கைத் திறந்தேன். எர்த் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மடக்கி உள்ளே வைத்து மூடினேன். மைதானம் அமைதியாயிற்று. செருப்புக் காலோடு மேடை ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்தேன். சுத்தமான சத்தம்.

அன்று என் சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. பேனா மாதிரி குத்தியிருந்தேன். எடுத்து ஒருமுறை மைக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜமுக்காளம்

பிற்பகலில் மழை. பெரிய மழை அல்ல, ஆனால் திடீரென்று வந்தது. நான் தார்ப்பாயைத் தேடி எடுத்து மூடுவதற்குள் பெட்டிமேல் நன்றாகத் தூறிவிட்டது. என் துண்டால் துடைத்தேன். வெளியே துடைத்தேன், உள்ளே போனதை என்ன செய்ய முடியும்? பெட்டி வேலை செய்தது. அதனால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அறிவிப்பு செய்தவர் உடற்பயிற்சி ஆசிரியர், ஆறடி ஆள். மைதானத்திலிருந்து ஓடி வந்து மேடையேறி, மைக்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு முடிவுகளைச் சொல்வார். மழைக்கு முன்னும் பின்னும் எத்தனையோ முறை பிடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலில் கேன்வாஸ் ஷூ, அடியில் தடித்த ரப்பர். இதை நான் யோசித்தது பிறகுதான்.

பாட்டு நிகழ்ச்சி தொடங்கும் முன் பலகைமேல் ஜமுக்காளம் விரித்தார்கள். அதுவும் பாதி நனைந்திருந்தது. நம் ஊரில் ஜமுக்காளம் விரித்துவிட்டால் அது மேடை. செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள். டீச்சர் சொல்லவேகூட இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே படியில் செருப்பைக் கழற்றி ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு ஏறினார்கள்.

ஈரத் தரை, அதில் இரும்பு மேசை, அதன்மேல் நனைந்த பலகை, நனைந்த ஜமுக்காளம், வெறுங்கால். எதிரே எர்த் இல்லாத, மழை பட்ட பெட்டியோடு ஒயரால் சேர்ந்த இரும்பு மைக். ஒவ்வொன்றாக எழுதினால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அன்று எல்லாம் என் கண்முன் இருந்தன. நான் பார்த்தது ஒன்றைத்தான்: உயரமான ஆசிரியர் போனபிறகு மைக் அவர் உயரத்திலேயே நிற்கிறது, என் பெண்ணுக்கு எட்டாது.

நுனிக்கால்

அப்போதுதான் நான் கை காட்டினேன்.

அவள் கை மேலே போயிற்று. மைக்கின் கழுத்துவரை போயிற்று. ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்த டீச்சர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பியூலாவின் கை சட்டென்று கீழே இறங்கி, முதுகுக்குப் பின்னால் மறுகையோடு சேர்ந்துகொண்டது.

நான் இன்னொரு முறை இழுத்துக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குதிகாலை உயர்த்தினாள். நுனிக்காலில் நின்று, முகத்தை அண்ணாந்து, பாட ஆரம்பித்தாள்.

டீச்சரே எழுதிய பாட்டு. மூன்று சரணம். மூன்றும் நுனிக்காலில். நாலு விரல் இடைவெளி என்று நான் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளியே நின்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பெட்டியில் சத்தத்தைக் கூட்டினேன். இரண்டு மாதம் கரண்டியோடு கத்தியது வீண், டீச்சர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவள் குரல் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பாட்டு முடிந்தது. பக்கத்துப் படிக்கட்டில் கைதட்டல், கொஞ்சம் பொறுத்து எதிர்ப் படிக்கட்டில்.

அடுத்து சின்னப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அவர்களுக்கு மைக்கை நன்றாக இறக்க வேண்டும். நானே படியருகில் போய்ச் செருப்பைக் கழற்றினேன். மேடை ஓரம் வரிசையில் நின்றிருந்த பியூலா "அப்பா" என்றாள். பாராட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. உள்ளங்கையைக் காட்டி, இரு என்று ஜாடை செய்தேன். இன்னொரு முறையும் "அப்பா" என்றாள்.

நான் ஒரு கையால் ஸ்டாண்டையும் மறு கையால் மைக்கையும் பிடித்தேன்.

தாமதமாக வந்த சிரிப்பு

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலி என்று முதலில் தோன்றவில்லை. கை என் கையாக இல்லை. விடு என்றால் இன்னும் இறுகப் பிடித்தது. பல் கிட்டித்தது. நாலு குழாயிலும் அந்த உறுமல், இதுவரை கேட்காத அளவுக்கு. முழங்கால் மடங்கிப் பின்பக்கமாக விழுந்தேன். விழுந்த வேகத்தில் ஸ்டாண்டும் மைக்கும் என்னோடு வர, ஒயர் இழுபட்டுப் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அந்த இணைப்பு கொஞ்சம் தளர்ச்சிதான். மாற்ற வேண்டும் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றாத சோம்பேறித்தனத்தால் உயிர் பிழைத்தவன் நான்.

ஈர ஜமுக்காளத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று மக்கள் சிரித்தார்கள். மல்லாந்து கிடந்தபடி அதைக் கேட்டேன். பக்கத்துச் சிரிப்பு அடங்கிய பிறகு எதிர்ப் படிக்கட்டின் சிரிப்பு வந்து சேர்ந்தது.

சிரிக்காதவன் தேவராஜ் ஒருவன்தான். அந்த உறுமல் அவனுக்குப் புரிந்துவிட்டது. புல்லின் குறுக்கே, காவலாளி கத்தக் கத்த, நேராக ஓடி வந்தான். முதலில் பிளக்கைப் பிடுங்கினான். அதைத் திறந்தான். டேப் சுற்றி மடக்கி வைத்த ஒயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மச்சானும் இல்லை, சாரும் இல்லை.

"பாப்பா இப்பத்தான பாடிச்சு?" என்றான்.

தலையை ஆட்டினேன். அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

நீளம் தாண்டும் குழி

நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்றேன். தேவராஜ் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தான். மேடைக்குச் சற்றுத் தள்ளி நீளம் தாண்டும் மணல் குழி, மழையில் ஊறிக் கிடந்தது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்கினான். காவலாளி ஓடி வந்தார். ஆனால் அங்கே புல் இல்லை. தினமும் கிளறிப் போடும் மணல். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தவரும் அவர்தான்.

கம்பியில் ஒயரைக் கட்டினான். ஈரம் பட்ட பெட்டியை நம்பாமல் திறந்து துணியால் ஒற்றி எடுத்தான். எரியும் பல்பை நீளமான ஒயரில் கொண்டுவந்து அதன் சூட்டைக் காட்டிக்கொண்டே இருந்தான். அதுவரை பிள்ளைகள் மைக் இல்லாமலே பாடினார்கள். பிறகு என் பையிலிருந்து டெஸ்டரை உருவி, மைக்கில், ஸ்டாண்டில், பெட்டியில் எல்லாம் வைத்துப் பார்த்தான். எங்கேயும் விளக்கு எரியவில்லை. அப்போதும் ஆசிரியரின் கேன்வாஸ் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மைக்கைத் தொட்டான். கடைசிப் பாட்டுக்கு மைக் இருந்தது. உறுமல் துளியும் இல்லை. காலையிலேயே நான் கண்ணைத் திறந்து அந்தக் குழியைப் பார்த்திருந்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் ஞானசுந்தரி டீச்சரைத் தேடிப் போனேன். ஹார்மோனியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வழக்கம்தான் சரி டீச்சர், நன்றி என்றேன். பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல சார். கையைக் கட்டிக்கிட்டா குரல் நல்லா வரும். இப்பவாவது புரிஞ்சுதே."

புரிந்தது என்றேன். அதற்குமேல் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். பியூலா ஜன்னலோரம். "அப்பா, என்மேல கோவமா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரும்புலியூர் நிறுத்தம் தாண்டி அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினோம்.

அதற்குப் பிறகு நான் எர்த்தைத் தொட்டதில்லை. உறுமினால் உறுமட்டும் என்று விட்டுவிடுவேன். யாராவது வண்டு என்றால், ஆமாங்க, வளர்க்கிறோம் என்பேன்.

என் பிள்ளை நான் சொன்னதைக் கேட்காமல், டீச்சர் பார்வைக்குப் பயந்தாள். வாழ்க்கையில் ஒரே முறை என் பேச்சை மீறினாள், அதனால் இருக்கிறாள். இத்தனை வருடமாக நான் ஜெபம் பண்ணும்போதெல்லாம் ஞானசுந்தரி டீச்சரின் பெயரும் வரும்.

ஒரு திருத்தம்

மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். அவளைப் பற்றியது என்பதால் இன்று காலை பியூலாவிடம் கொடுத்தேன். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, ஒரு தாளையும் விடாமல் படித்தாள். முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"ஒரு இடம் தப்பா இருக்குப்பா."

எழுத்துப் பிழையாக்கும் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன்.

"டீச்சரைப் பார்த்துட்டு நான் கையை எடுக்கல. நான் தொட்டேன்."

பேனா கையிலேயே இருந்தது.

"விரல் நுனிதான் பட்டுச்சு. கட்டெறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு. அதான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். திரும்பவும் படக் கூடாதுன்னுதான் தள்ளி நின்னு பாடினேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா பாட விட்டிருப்பீங்களா?"

இத்தனை வருடம் சொல்லாததைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ரெண்டு மாசம் பழகின பாட்டு. பாடி முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீங்க செருப்பைக் கழட்டும்போது ரெண்டு தடவ கூப்பிட்டேன், நீங்க இருன்னு கை காட்டினீங்க. நீங்க விழுந்ததும் என்னாலதான்னு நெனச்சேன். பஸ்ஸில கோவமான்னு கேட்டது அதுக்குத்தான்.

அந்தப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர், தன்னால்தான் என்று ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். அவள் பன்னிரண்டு வயதில் தூக்கிக்கொண்டது இவ்வளவு வருடம் என் வீட்டிலேயே, அந்தக் கட்டிலிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கை எவ்வளவு தூரம் போனது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதைவிடவும் தூரம் போய்த் திரும்பியிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு இரண்டு பேருக்கும் என்று கேட்டாள்.

தப்பான இடத்தை நான் திருத்தவில்லை. நான் நம்பியது அப்படியே மேலே இருக்கட்டும். நடந்தது இங்கே இருக்கட்டும். ஞானசுந்தரி டீச்சரின் பெயரையும் ஜெபத்திலிருந்து எடுக்கப் போவதில்லை. கையைக் கட்டிக்கொள்ள அவர் பழக்கியிருந்ததால்தானே அவளுக்கு அதை வைக்க ஒரு இடம் தெரிந்தது.

பியூலா எழுந்து பெட்டியைத் திறந்தாள். அடுக்கிய துணிகளையெல்லாம் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் துழாவி அந்த டெஸ்டரை எடுத்தாள். வேண்டாம் என்று திருப்பித் தரப் போகிறாள் என்று கையை நீட்டினேன்.

"அடியில வச்சா அவசரத்துக்கு எப்படிப்பா எடுக்கறது?" என்றாள்.

எல்லாத் துணிக்கும் மேலே அதை வைத்து, மூடியை அழுத்தினாள். இந்த முறை சரியாக உட்கார்ந்தது.